லேபிளில் விழுந்த கோடுகள்

மொழியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு திருப்பூரில் வேலை தேடியவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. நான் தேடினேன். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, எத்தனை பாஷை தெரியும் என்பதுதான். தமிழ், இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி என்பேன். கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். மொழி எப்படி இயங்குகிறது என்று படிப்பது வேறு, நாலு மொழி பேசக் கற்றுக்கொள்வது வேறு என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். பல் டாக்டரிடம் போய் உங்களுக்கு எத்தனை பல் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் விளக்குவதை விட்டுவிட்டேன்.

கடைசியில் அவிநாசி ரோட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் இருக்கும். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவது, சாயம் போட்ட துணித் துண்டுகளைக் கலர் வாரியாக ஒட்டி அனுப்புவது, லேபிள் வாசகங்களைச் சரிபார்ப்பது இவைதான் வேலை. என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். நான் வளர்ந்ததும் படித்ததும் இங்கே. வீட்டுக்குள் ஒரு தமிழ், வாசலைத் தாண்டினால் இன்னொரு தமிழ். இந்த ஊர்க்காரர்கள் சின்னக் குழந்தையிடம் பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போடுவார்கள். அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "இவுக அடிச்சாலும் ங்க போட்டுத்தாம்ட்டி அடிப்பாக" என்பாள்.

எங்கள் பையர் ஐரோப்பாவில் குழந்தைத் துணி விற்பவர். ஒவ்வொரு உருப்படியின் உள்பக்கத் தையலிலும் ஒரு லேபிள் வைத்துத் தைப்போம். எந்த நூல், எப்படித் துவைக்க வேண்டும், தேய்க்கலாமா கூடாதா என்று பத்துப் பதினோரு மொழிகளில் அதில் அச்சடித்திருக்கும். என் வேலை, பையர் அனுப்பிய வாசகத்தையும் அச்சாகி வந்த லேபிளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்வார். அர்த்தம் தெரிந்தால் கண் எழுத்தைத் தாண்டிப் போய்விடுமாம். அதில் உண்மை இருந்தது.

ஆனால் என் படிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி இதுதான்: முன்பின் தெரியாத ஒரு மொழியின் சொற்களையும் அவற்றின் பொருளையும் வரிசையாகக் கொடுப்பார்கள். எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் அதே பொருளைத் தருகிறதா என்று பார்த்து, சொல்லை மூட்டு மூட்டாகக் கழற்ற வேண்டும். கைக்குட்டை, கைவண்டி, கைநாட்டு மூன்றிலும் இருப்பது ஒரே கை. கைதியில் இருப்பது வெறும் ஓசை. உருவம் ஒத்தால் மட்டும் போதாது, பொருளும் ஒத்துப்போக வேண்டும். பாடத்தின் சாரம் அவ்வளவுதான். இதற்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

லேபிளில் பொருளுக்குப் படம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி என்றால் துவை, இஸ்திரிப் பெட்டி என்றால் தேய், மேலே பெருக்கல் குறி இருந்தால் கூடாது. இதைவிட நல்ல பயிற்சித்தாள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. பழைய ஆர்டர்களின் லேபிள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் பார்ப்பேன். துருக்கி வரியில் தொட்டிப் படத்துக்கு எதிரே 'யிக்கயினிஸ்' என்று இருந்தது. பெருக்கல் குறி போட்ட தொட்டிக்கு எதிரே 'யிக்கமயினிஸ்'. இஸ்திரிப் பெட்டிக்கு 'உத்துலெயினிஸ்', பெருக்கல் குறி போட்ட பெட்டிக்கு 'உத்துலெமெயினிஸ்'. நடுவில் வந்து உட்கார்ந்த அந்த 'ம'வும் 'மெ'யும்தான் 'கூடாது'. கடைசித் துண்டு எதிலும் அசையவில்லை. அது மரியாதை என்று பிறகு நூலகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். துவையுங்க, துவைக்காதீங்க. மறுப்பு நடுவில், மரியாதை கடைசியில். எங்கள் முதலாளி பேசுவது மாதிரியே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பருத்திக்கு ஜெர்மன்காரர்கள் எழுதியது 'பௌம்வொல்லெ'. கலப்பு நூலில் செய்த ஒரு பழைய ஆர்டரின் லேபிளில் கம்பளி 'வொல்லெ' என்று மட்டும் இருந்தது. பின்லாந்து வரியில் கம்பளி 'வில்லா', பருத்தி 'பூவில்லா'. ஸ்வீடன் வரியிலும் இதே கதைதான். முன்னால் ஒட்டிய துண்டு மரம் என்று அகராதி சொன்னது. மரத்தில் காய்க்கிற கம்பளி! ஆட்டு மயிரை முதலில் பார்த்தவர்கள் பருத்திக்கு வைத்த பெயர். நாம் பஞ்சை முதலில் பார்த்தவர்கள், அதனால் மரத்தில் காய்த்ததை இலவம்பஞ்சு என்றோம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சம்பளம் வாங்கியதைவிடச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

லேபிள் அடித்துக் கொடுத்தவர் அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருந்த ஓர் அக்கா. ஐம்பதை நெருங்குகிற வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு, மாடுகள் கட்டியிருந்த கொட்டகையைக் கழுவிவிட்டு, பழையதாகக் கைமாறி வந்த ஒரு நாடா அச்சு மிஷினைப் போட்டுத் தனியாக நடத்தினார். அவருக்கு இருந்த ஒரே வாடிக்கை எங்கள் கம்பெனிதான். கொட்டகை நின்ற இடம் கொழுந்தனார் பங்கில் வந்தது. அவருக்கு அங்கே தறி போட ஆசை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, லேபிள் வேலை நடக்கிற வரைக்கும் கொட்டகை அக்காவுக்கு என்று முடிவு செய்திருந்தார்கள். ஆகவே எங்கள் ஆர்டர் நின்றால் அக்கா வெளியே, தறி உள்ளே. இது எங்கள் ஆபீசில் டீ கொண்டுவருபவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

வாசகம் கொடுக்கவும் ரோல் வாங்கவும் நான் அடிக்கடி அங்கே போவேன். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். இந்தப் பக்கத்தில் வயதில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேச மாட்டார். மிஷின் ஓடும்போது வெளியே வரும் நாடாவை விரலிடுக்கில் ஓடவிட்டபடி நிற்பார், மை தள்ளியிருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு தடவை லேபிளில் இரண்டு வரி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து, தவறுதலாக இரண்டு தடவை வந்துவிட்டது போல என்று ஒன்றை எடுத்துவிட்டாராம். ஒன்று ஸ்பானிஷ், ஒன்று போர்ச்சுகீஸ். சரக்கு திரும்பி வந்துவிட்டது. "அன்னைல இருந்து ஒரு புள்ளியக்கூடத் தொடறதில்லீங் அம்மிணி. சாம்பிள்ல என்ன இருக்குதோ அது" என்றார்.

சாம்பிள் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. பையர் ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்று கையெழுத்தும் சீலும் போட்டு வந்துவிட்டால், அதில் இருப்பதுதான் சரி. யோசிப்பது தப்பு. கிழிசலை ஒட்டுப்போட்டுத் தைத்த சாம்பிளைப் பார்த்து மொத்த ஆர்டரையும் ஒட்டுப்போட்டே தைத்து அனுப்பிய கம்பெனியின் கதையை ஒவ்வொரு கம்பெனியிலும் பக்கத்துக் கம்பெனியில் நடந்ததாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதே மாதிரிதான் வேலை செய்வார்கள், ஏனென்றால் யோசித்து வேலை செய்தவர்கள் அடிபட்ட கதைகள் இன்னும் அதிகம்.

ஒரு கோடைக்காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கான ஆர்டர் வந்தது. பச்சைக் குழந்தையின் உடம்பில் உறுத்தக் கூடாது, லேபிள் அகலத்தைக் குறையுங்கள் என்று பையர் எழுதியிருந்தார். குறைத்தால் நீளமான சொற்கள் வரிக்குள் அடங்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு ஒற்றை வரியில் பதில் வந்தது: சரியான இடத்தில் சொல்லை உடைத்துக்கொள்ளலாம். சரியான இடம் எது என்று திரும்பக் கேட்டோம். அதற்குள் அவர்கள் ஆபீசுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். கப்பலுக்கு விடுமுறை கிடையாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து கம்பெனி வைத்தவர், ஐம்பது வயதுக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். நீங்கள் பாஷை படித்தவர்தானே, எங்கே உடைப்பது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். எனக்கு இந்த மொழிகள் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொன்று தோன்றியது: வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என் படிப்புக்கு ஏற்ற வேலையை என்னிடம் கேட்கிறார். சரி சார் என்றேன்.

டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பின்லாந்து வரியில் 'கோனெபெசு' மிஷினில் துவைப்பது, 'கேசின்பெசு' கையால் துவைப்பது. அப்படியானால் 'பெசு' துவைப்பது, அங்கே உடைக்கலாம். ஜெர்மனில் மரத்துக்கும் கம்பளிக்கும் நடுவில். துருக்கியில் இரண்டு மூட்டு. ஹங்கேரி வரி கொஞ்சம் படுத்தியது, பழைய லேபிள்களைத் தேடித் தேடி அதையும் பிடித்தேன். சந்தேகமானவற்றை நூலகத்தில் பார்த்தேன். சில நாள் இப்படிப் போனது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதி, மூட்டு இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டேன். எல்லாக் கோடும் அச்சில் வர வேண்டும் என்பது நோக்கமில்லை. வரி எந்த மூட்டில் முடிகிறதோ அங்கே உடைக்கலாம், மற்றவற்றை விட்டுவிடலாம். நேரில் போய் விரலால் காட்டினால் அக்காவுக்கு நொடியில் புரிந்துவிடும். மத்தியானம் போகலாம் என்று தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் டெஸ்பாட்ச் மேஜையில் ஒருவர் இருந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவர் சீல் இல்லாமல் ஒரு துண்டுத் துணிகூட வெளியே போகாது. அவிநாசிப் பக்கம் வேன் கிளம்புகிறது, லேபிள் பேப்பர் தயாராக இருக்கிறது, அம்மிணி வெயிலில் எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். என் மேஜையிலிருந்து தாளை எடுத்து, ஓரத்தில் 'அப்ரூவ்டு' என்று சீல் வைத்து அனுப்பிவிட்டார். நான் வந்து கேட்டபோது, அனுப்பியாச்சுங்க என்று பெருமையாகச் சொன்னார். அவரை என்ன சொல்வது? உதவி செய்திருக்கிறார்.

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். தாள் வந்துவிட்டது என்றார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். கோடு போட்டிருக்கிற இடத்தில்தான் உடைக்க வேண்டும் அக்கா என்றேன். "செரீங் அம்மிணி, சாம்பிள்ல இருக்கறாப்பலயே பண்ணீறனுங்க" என்றார். நான் ஆமாம் என்றேன். சாம்பிள் படி என்பதை அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வோம் என்று கணக்கே கிடையாது. போனை வைப்பதற்கு முன் சொல்கிற வார்த்தை அது. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. வேறு ஆர்டரின் கலர் பிரச்சினை ஒன்று காத்திருந்தது, அதில் இறங்கிவிட்டேன்.

அக்கா தாளை டவுனில் ஒரு டிடிபி சென்டருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் தாளில் இருந்ததை அப்படியே அடித்துக் கொடுத்தார். அச்சுக்கான பிளேட் தயாரானது. ரோல் ரோலாக லேபிள் வந்து இறங்கி நேராகத் தையலுக்குப் போய்விட்டது. தைக்கிறவர்கள் லேபிளைப் படிப்பதில்லை, தலைகீழாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். செக்கிங்கில் கறை, ஓட்டை, தையல் விட்டது, இவற்றைப் பார்ப்பார்கள். சரிபார்க்க வேண்டிய நான், சாயம் ஒத்துப்போகாத அந்த ஆர்டருக்காக டையிங்கில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் பெட்டிக்குள் போய் டேப்பும் ஒட்டியாகிவிட்டது.

கடைசிச் சோதனைக்கு, பையருக்காகச் சரக்கைப் பார்க்கிற பெங்களூர் பையிங் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு சட்டையைப் புரட்டி, லேபிளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இது என்ன டிசைனா என்று கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். பௌம்-வொல்லெ. பூ-வில்லா. கோனெ-பெசு. உத்துலெ-மெ-யினிஸ். வரியின் நடுவில், ஓரத்தில், எல்லா இடத்திலும் நான் போட்ட ஒவ்வொரு கோடும் பளிச்சென்று நின்றது. என் கையெழுத்தில் கடைசிக் கோடு கொஞ்சம் நீளமாக விழுந்திருந்தது, லேபிளிலும் அது கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எல்லாம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதே என்றுதான் முதலில் பட்டது. அப்படித் தோன்றியதற்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

சோதனையில் சரக்கு தேறவில்லை. சாயங்காலம் முதலாளி அறையில் கூடினோம். முதலாளி, புரொடக்‌ஷன் மேனேஜர், நான். அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் வந்து, மஞ்சப்பையிலிருந்து என் தாளை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சீல் மேலே பார்த்தபடி இருந்தது. மேனேஜர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அந்த சீல் கேட்டைத் தாண்டுவதற்காக வைத்தது, அச்சடிக்க அனுமதி இல்லை, சொல்லுக்கு நடுவில் இத்தனை கோட்டைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வரும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ங்க இருந்தது.

"சீலு வெச்சு வந்துச்சுங்ணா. அப்புடியே அடிச்சனுங்க" என்று முதலாளியைப் பார்த்து மட்டும் அக்கா சொன்னார். போன் பேசியதை அவர் சொல்லவில்லை.

அந்தத் தாள் நான் எழுதியது, கோடெல்லாம் என்னுடையது, போனில் நான்தான் ஆமாம் என்றேன், அக்கா மேல் தப்பில்லை என்று நானே சொன்னேன். என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "அம்மிணி, நீங்க போயி பையருக்கு ஒரு மெயிலப் போடுங்க. இத நாங்க பாத்துக்கறமுங்க" என்றார். இங்கிலீஷில் மெயில் எழுத ஆள் கிடைப்பது அப்போது சிரமம். லேபிள் அடிக்க ஆள் கிடைப்பது சிரமமில்லை. அவ்வளவுதான் கணக்கு என்பது கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குப் புரிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவளை மெயில் எழுத அனுப்பிவிட்டார்கள்.

விடுமுறை முடிந்து பையரின் பதிலும் வந்தது. லேபிளை மாற்றுங்கள், ஒரு வாரம் கூடுதலாகத் தருகிறோம். சொல்லை உடைக்க வேண்டியதே இல்லை, எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அந்த மெயிலை நான் நாலைந்து தடவை படித்தேன். எழுத்தின் அளவைக் குறைக்கலாம் என்று எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பையர் சொன்ன அளவு சாம்பிளில் இருந்தது, அதை யார் தொடுவது?

புது லேபிளையும் அக்காவே அடித்தார். மறுபடி பிளேட், மறுபடி ரோல், அந்த வாரம் முழுக்க மிஷினை விட்டு நகரவில்லை. இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். தையலில் பெட்டிகளைப் பிரித்து, பழைய லேபிளைத் தையல் ஓரத்தோடு நறுக்கிவிட்டு, புதியதை வைத்துத் தைத்தார்கள். சரக்கு கப்பலேறியது. அக்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று நானும் நினைத்தேன். கொட்டகை வாசலில் நின்று, "இனி பயமில்லீங் அம்மிணி, அடுத்த ஆர்டரு எப்பங்க?" என்று அவர் கேட்டார். வரும் அக்கா என்றேன்.

சில வாரம் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ ஒரு ஃபைலைக் காட்டுவதற்காக நானும் அந்த அறையில் இருந்தேன். டீயும் மிக்சரும் வந்தது. தோட்டத்தில் தண்ணி எப்படி, மகள் காலேஜ் எப்படி என்று முதலாளி விசாரித்தார். அவர் விசாரித்தது நிஜமான அக்கறையோடுதான், அதில் நடிப்பு இல்லை. அப்புறம் சொன்னார்: "டவுனுக்குள்ள கம்ப்யூட்டர் மிஷின் வெச்சிருக்கறாங்க அக்கா. இனிமே லேபிள் அங்கயே குடுத்தரலாம்னு இருக்கறனுங்க. நீங்க இந்த வயசுல ஒண்டியா சிரமப்படாதீங்க."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "செரீங்ணா" என்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். முதலாளியும் மரியாதைக்கு எழுந்து நின்றார். வாசல் வரைக்கும் கூடப் போய், பார்த்துப் போங்க அக்கா என்றும் சொன்னார். நான் ஃபைலைக் கையில் பிடித்தபடி நின்றேன். சிரமப்படாதீங்க. மறுப்பு நடுவில், மரியாதை கடைசியில். இதைக் கண்டுபிடித்துச் சிரித்தவள் நான்தான். அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

முதலாளியிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரிகிறது என்றார். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மிஷின்காரரின் முதல் ரோல் வந்தபோது அதைச் சரிபார்த்ததும் நான்தான். அதில் ஒரு பிழையும் இல்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக் கோயிலுக்குப் போகிறவர்களோடு பஸ் ஏறி, பாதியில் இறங்கித் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகைக்குள் தறி நிறுத்தக் குழி தோண்டியிருந்தார்கள். மிஷின் வெளியே வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. வாங்குவதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னார். வீட்டுக்குப் பின்னால் பந்தலில் பீர்க்கங்கொடி ஏறியிருந்தது. கொடியைப் பந்தலோடு சேர்த்துக் கட்டியிருந்தது வெள்ளை நாடா. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த லேபிள்தான், நறுக்காமல் மிஞ்சிய ரோல். பௌம்-வொல்லெ, பூ-வில்லா என்று முடிச்சுக்கு முடிச்சு தெரிந்தது. வெயிலில் மை கொஞ்சமும் வெளுக்கவில்லை. நல்ல அச்சு.

கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். வருத்தமாகவோ குறையாகவோ ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தது நிஜமாகவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார் போல.

"அம்மிணி, அந்தக் கோடெல்லாம் என்னத்துக்குங்க போட்டீங்க?" என்று கேட்டார். இத்தனை நாளில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

எழுந்து போய்ப் பந்தலில் இருந்த நாடாவைப் பிடித்துக் காட்டினேன். இது மரம், இது கம்பளி, இரண்டும் சேர்ந்தால் பருத்தி. இது மிஷின், இது துவைக்கிறது. இது தேய்க்கிறது, இது கூடாது, இது நம்ம ங்க மாதிரி ஒரு மரியாதை. ஒவ்வொரு கோடும் ஒரு மூட்டு அக்கா, சொல்லு அந்த இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது, அங்கேதான் பிரியும் என்றேன். மரக் கம்பளி என்றதும் சிரித்தார். விரலால் நாடாவைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார், மிஷினிலிருந்து வரும்போது தடவுவாரே, அதே மாதிரி.

"எல்லாக் கோடும் சரியான எடத்துலதான் இருக்குதுங்களா?"

"எல்லாமே சரியாத்தான் இருக்கு அக்கா. ஒண்ணுகூடத் தப்பில்ல."

"நான் அடிச்சதுலயும் தப்பில்லீங்களே?"

"இல்ல அக்கா."

நாடாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பறம் ஏனுங்க?" என்றார்.

அந்த 'ஏனுங்க'வையும் என்னால் இரண்டாகப் பிரிக்க முடியும். கடைசித் துண்டு மரியாதை. முதல் துண்டு கேள்வி.